பேபி பாம்பர்ஸ், 1993: பையன்களை வைத்து ஷீடி வென்ற கோப்பை – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியக் கால்பந்தில் இளைஞர்களை நம்பி இறக்கினால் கோப்பை கிடைக்கும் என்று யாராவது வாதாட வேண்டுமானால், முதலில் எடுத்துப்போடும் உதாரணம் 1993-ம் ஆண்டின் எசெண்டன் அணிதான். எசெண்டனின் செல்லப்பெயர் பாம்பர்ஸ். அந்த ஆண்டு அணியில் பள்ளிக்கூட வயதுப் பையன்கள் இருந்ததால் 'பேபி பாம்பர்ஸ்' ஆகிவிட்டது. பயிற்சியாளர் கெவின் ஷீடி. இறுதிப் போட்டியில் கார்ல்டனை 44 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள்.

இளங்கன்று பயமறியாது என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பருவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. பையன்கள் வென்றார்கள் என்பது பாதி உண்மை. அந்தப் பையன்களை எந்த இடத்தில் நிறுத்துவது, அவர்களுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்று ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கணக்கில் ஒன்று இன்றும் கசக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. நீள்வட்ட மைதானம், கிரிக்கெட் மைதானத்தையே பயன்படுத்துவார்கள். களத்தில் அணிக்கு 18 பேர். பந்தும் நீள்வட்டம்தான். கையால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், அல்லது உதைக்கலாம். உதைத்த பந்தைச் சுத்தமாகக் காற்றில் பிடித்தால் அது 'மார்க்', தடையில்லாமல் உதைக்கும் உரிமை கிடைக்கும். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. ஸ்கோரை 20.13 (133) என்று எழுதினால் 20 கோல், 13 ஒற்றைப் புள்ளி, மொத்தம் 133 என்று அர்த்தம். ஆட்டம் நான்கு கால்பகுதிகள். இது போதும்.

1992: வீடு காலியான ஆண்டு

ஷீடி அப்போது புதியவர் அல்ல. ரிச்மண்ட் அணிக்காக ஆடி மூன்று கோப்பைகள் வென்ற பின்கள வீரர். பிளம்பர் வேலை பார்த்தவர், கட்டாய ராணுவப் பணியும் முடித்தவர். 1981-ல் எசெண்டனுக்குப் பயிற்சியாளராக வந்து 1984, 1985 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் வென்று கொடுத்தார். 1990-ல் மீண்டும் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். அங்கே காலிங்வுட்டிடம் 48 புள்ளியில் தோல்வி. அதோடு எண்பதுகளின் அந்தப் பெரிய அணிக்கு வயதாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

1991 முடிவில் டிம் வாட்சன் ஓய்வு பெற்றார். 1992 முடிவில் டெர்ரி டேனிஹர் போனார். 378 ஆட்டங்கள் ஆடிய ரக்மேன் சைமன் மேடனும் போனார். ரக்மேன் என்றால் நடுவர் பந்தை மேலே போடும்போது எம்பித் தட்டிவிடும் உயரக்காரர். அதே ஆண்டில் ஹாதர்ன் அணியிடம் 150 புள்ளிகளுக்கு மேல் வாங்கிக்கட்டிக்கொண்ட ஆட்டமும் உண்டு. பருவ முடிவில் எட்டாவது இடம். சொந்த ஆட்டங்களைக் காலங்காலமாக ஆடிவந்த விண்டி ஹில் மைதானத்தை விட்டு எம்சிஜிக்கு, அதாவது மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு, மாற்றியதும் அந்த ஆண்டுதான். பழைய வீரர்களோடு பழைய மைதானமும் போயிற்று.

இதே ஆண்டில் இன்னொரு பக்கம் நடந்தது பலர் கண்ணில் படவில்லை. எசெண்டனின் ரிசர்வ் அணி, அதாவது முதல் அணிக்கு அடுத்த வரிசை, டெனிஸ் பேகன் என்ற பயிற்சியாளரின் கீழ் கோப்பை வென்றது. ஜேம்ஸ் ஹேர்ட், மார்க் மெர்குரி, ஜோ மிசிட்டி போன்ற பையன்கள் அங்கே உருவானவர்கள். 1993-ல் திடீரென்று வானத்திலிருந்து குதித்தது போலத் தெரிந்தவர்கள், முந்தைய ஆண்டே சேர்ந்து ஆடி, சேர்ந்து வென்று பழகியவர்கள். என்னைப் பொறுத்தவரை இந்த அணியைப் பற்றிய எந்த ஆய்வும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பேகன் உடனே நார்த் மெல்போர்ன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவர் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

யார் அந்தப் பையன்கள்

ஹேர்ட் கான்பெராவிலிருந்து வந்தவர். 1990-ல் நடந்த வீரர் தேர்வில் 79-வது ஆளாக எடுக்கப்பட்டார். அந்த எண்ணில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்புவார்கள். 1993-ல் அவருக்கு 20 வயது. மெர்குரிக்கு 19. மிசிட்டிக்கு 18. அடிலெய்டிலிருந்து வந்த பழங்குடி வீரர் கேவின் வாங்கனீனுக்கு 20.

எல்லோரையும்விட டஸ்டின் பிளெட்சரின் கதைதான் விசித்திரம். முன்னாள் எசெண்டன் வீரர் கென் பிளெட்சரின் மகன். பருவத்தின் இரண்டாவது சுற்றில் முதல் ஆட்டம் ஆடியபோது 18 வயதுகூட நிரம்பவில்லை. நம்மூர்க் கணக்கில் பிளஸ் டூ மாணவன். வாரநாளில் பள்ளிக்கூடம், வார இறுதியில் நாட்டின் மிக ஆபத்தான முன்கள வீரர்களை மறிக்கும் வேலை. ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். பந்து உதைப்பதில் அசாத்திய தூரம்.

பொதுவாக இந்த வயதுப் பையனை எங்கே ஆட விடுவார்கள்? தவறினாலும் பெரிய நஷ்டம் வராத ஓரத்தில், முன்கள மூலையில் எங்காவது. ஷீடி அவனைக் கோலுக்கு நேர் முன்னால் நிறுத்தினார். அங்கே செய்யும் ஒவ்வொரு தவறும் ஆறு புள்ளி. இது துணிச்சலா, கைவசம் ஆள் இல்லாததால் வந்த அவசரமா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

வாங்கனீனையும் ஷீடி பின்களத்தில்தான் வைத்தார், 'பேக் பாக்கெட்' எனப்படும் மூலையில். அது எதிரணியின் சின்ன முன்கள வீரர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை. பேர் வாங்கித் தரும் இடமே அல்ல. அங்கிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு எதிர்த்தாக்குதல் தொடங்கும் ஆளாக அவர் மாறினார். அந்த ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த, நேர்மையான வீரருக்கு நடுவர்கள் வாக்களித்துத் தரும் பிரவுன்லோ பதக்கம் அவருக்கே கிடைத்தது. 18 வாக்குகள். அந்தப் பதக்கம் வாங்கிய முதல் பழங்குடி வீரர் அவர்தான். வழக்கமாக அந்தப் பதக்கம் நடுக்களத்தில் நாள் முழுக்கப் பந்தோடு இருக்கும் ஆட்களுக்குப் போகும். பின்கள மூலையில் நிற்பவருக்குப் போவது அபூர்வம்.

நடுவே நின்ற பெரியவர்கள்

பையன்கள் என்ற சொல்லே இந்த இடத்தில்தான் ஆளை ஏமாற்றுகிறது. இறுதிப் போட்டியில் ஆடிய 20 பேரில் கணிசமானவர்கள் அனுபவசாலிகள். கேப்டன் மார்க் தாம்சன், மார்க் ஹார்வி இருவரும் எண்பதுகளின் கோப்பை அணிகளைப் பார்த்தவர்கள். கேரி ஓடனல், டேரன் பியூயிக், கிறிஸ் டேனிஹர் ஆகியோரும் பழக்கப்பட்ட கைகள். முன்களத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் கொண்ட பால் சால்மன். மே மாதத் தொடக்கத்தில் ஜீலாங் அணியோடு நடந்த ஆட்டத்தில், எதிரணியின் கேரி ஏப்லெட் தனியாளாக 14 கோல் உதைத்தார். அப்படியும் எசெண்டன் வென்றது, காரணம் இந்தப் பக்கம் சால்மன் 10 கோல் உதைத்திருந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 'பையன்கள் அணி' என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம் டிம் வாட்சன். ஓய்வு பெற்று ஓர் ஆண்டு முழுக்க வெளியே இருந்தவரை, 31 வயதில் ஷீடி திரும்ப அழைத்துவந்தார். வாட்சன் எசெண்டனுக்காக முதலில் ஆடியது 1977-ல், 15 வயதில். வளர்ந்த ஆட்களுக்கு நடுவே பள்ளிப் பையனாக இறங்குவது எப்படி இருக்கும் என்று அந்த உடைமாற்றும் அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஷீடி இதை யோசித்துத்தான் அழைத்தாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் 18 வயது பிளெட்சரும் மிசிட்டியும் இருக்கும் அணிக்கு இதைவிடப் பொருத்தமான மூத்தவரைத் தேடிப்பிடிக்க முடியாது. வேகம் குறைந்திருந்தது, பந்து எங்கே விழும் என்ற கணிப்பு குறையவில்லை.

பருவம்: நூலிழையில் நகர்ந்த பட்டியல்

பருவத்துக்கு முன் நடந்த ஃபாஸ்டர்ஸ் கோப்பையை எசெண்டன் ரிச்மண்டை வென்று எடுத்தது. அதற்கெல்லாம் பெரிதாக மதிப்பில்லை என்பார்கள், சரி. ஆனால் புதிய கூட்டணிக்கு அது ஒரு நல்ல ஒத்திகை.

முக்கியப் பருவத்தில் 15 அணிகள், அணிக்கு 20 ஆட்டங்கள். எசெண்டன் 13 வெற்றி, 6 தோல்வி, 1 டிரா. அதே 13–6–1 கணக்கில் கார்ல்டனும். அடித்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த புள்ளிகளோடு ஒப்பிடும் சதவீதத்தில் எசெண்டன் முதலிடம். அடுத்த இரண்டு அணிகளும் 13 வெற்றி. ஐந்தாவது, ஆறாவது இடங்களில் இருந்தவர்கள் 12 வெற்றி. அதே 12 வெற்றியோடு ஜீலாங் ஏழாவதாகி வெளியே நின்றது, ஏனென்றால் இறுதிச் சுற்றுக்கு முதல் ஆறு பேர்தான்.

இந்த எண்களை வேண்டுமென்றேதான் எடுத்து வைக்கிறேன். 1993-ல் எந்த அணியும் மற்றவர்களை மிதித்துக்கொண்டு போகவில்லை. யாரும் யாரையும் வெல்லலாம் என்ற நிலை. ஏறி இறங்கி ஆடும் இளம் அணிக்கு இதைவிட வசதியான ஆண்டு அமையாது. மற்றோர் ஆண்டில் இதே 13 வெற்றிகள் நடுப்பட்டியலில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கும். பயிற்சியாளரைப் புகழும்போது இதையும் கூடவே வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

பருவத்தின் மிகப் பிரபலமான நிமிடம் 16-வது சுற்றில் வந்தது. எதிரணி வெஸ்ட் கோஸ்ட், முந்தைய ஆண்டின் சாம்பியன். கடைசி நேரத்தில் சால்மன் உதைத்த கோலில் எசெண்டன் 3 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. சைரன் ஒலித்ததும் ஷீடி தன் கோட்டைக் கழற்றி, தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். நாற்பதைத் தாண்டிய, கோட்டு சூட்டு போட்ட மனிதர். இன்றும் இந்த இரு அணிகளும் மோதும்போது வென்ற பக்கத்து ரசிகர்கள் கோட்டையோ கழுத்துத் துண்டையோ சுழற்றுகிறார்கள். பயிற்சியாளர் இப்படிக் குதித்தால் பையன்களுக்கு அழுத்தம் குறையுமா கூடுமா என்பது விவாதத்துக்குரியது. ஷீடி எப்போதுமே பத்திரிகைகளின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆள். கேள்விகளெல்லாம் அவரைச் சுற்றியே ஓடும்போது, 18 வயதுக்காரனை யாரும் நோண்டுவதில்லை. அது தெரிந்தே செய்ததாகத்தான் நான் நினைக்கிறேன்.

42 புள்ளி பின்தங்கிய மதியம்

இறுதிச் சுற்றின் முதல் வாரத்தில் கார்ல்டனிடம் நெருக்கமான ஆட்டத்தில் தோல்வி. முதலிடத்தில் முடித்ததால் இன்னொரு வாய்ப்பு இருந்தது. அடுத்த வாரம் வெஸ்ட் கோஸ்ட்டை வென்று அரையிறுதி போன்ற பிரிலிமினரி ஃபைனலுக்கு வந்தார்கள். எதிரே அடிலெய்டு. 1991-ல்தான் லீக்கில் சேர்ந்த அணி. இறுதிச் சுற்றைப் பார்ப்பதே முதல் முறை. அவர்களின் முன்கள வீரர் டோனி மோட்ரா அந்த ஆண்டில் மட்டும் 129 கோல் உதைத்தவர்.

எம்சிஜியில் பாதி ஆட்டம் முடிந்தபோது எசெண்டன் 42 புள்ளி பின்னால். ஏழு கோல் இடைவெளி. இறுதிச் சுற்றில் இவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வந்த அணிகள் மிகக் குறைவு. ஆட்டம் முடிந்தபோது எசெண்டன் 111, அடிலெய்டு 100. இரண்டாம் பாதியை மட்டும் தனியாக எடுத்தால் எசெண்டன் 53 புள்ளி அதிகம்.

இடைவேளையில் ஷீடி என்ன பேசினார் என்பது பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. அந்தப் பேச்சுகளை நான் பெரிதாக நம்புவதில்லை. பேச்சால் 53 புள்ளி வராது. களத்தில் மாறியதைப் பார்த்தால் போதும்: முதல் பாதியில் தாராளமாக அடித்துக்கொண்டிருந்த அடிலெய்டுக்கு இரண்டாம் பாதியில் கோல் வரத்தே ஏறக்குறைய நின்றுபோனது. அதாவது மீட்சி பின்களத்திலிருந்தும் நடுக்களத்திலிருந்தும் தொடங்கியது. பந்து பறிபோகும் இடத்திலேயே அதைத் திரும்பப் பிடுங்கி, ஓடும் கால்களைப் பயன்படுத்தினார்கள். முதல் முறை இறுதிச் சுற்று ஆடிய அடிலெய்டு களைத்துப்போக, இந்தப் பக்கம் 20 வயதுக் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இளமையின் உண்மையான பலன் அந்தப் பருவத்தில் எங்காவது பளிச்சென்று தெரிந்தது என்றால் அது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கிக்கெட்

இப்போது கசப்பான பகுதி. டெரெக் கிக்கெட் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழங்குடி வீரர், அணியின் மூத்தவர்களில் ஒருவர். அந்தப் பருவத்தில் எசெண்டனின் எல்லா ஆட்டங்களிலும் ஆடினார். அடிலெய்டுக்கு எதிரான அந்த மீட்சியிலும் இருந்தார். இறுதிப் போட்டிக்கான பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை.

அப்போதைய விதிப்படி அணிக்கு 20 பேர்தான்: களத்தில் 18, மாற்று ஆட்கள் 2. மூன்றாவது மாற்று ஆள் அடுத்த ஆண்டுதான் அனுமதிக்கப்பட்டார். இடம் நெருக்கடி என்பது உண்மை. ஆனால் யாரோ ஒருவர் போக வேண்டும் என்றால், ஆண்டு முழுக்க ஓர் ஆட்டம் விடாமல் ஆடியவரா போக வேண்டும்? பையன்கள் எல்லோரும் உள்ளே, பெரியவர் வெளியே.

ஷீடி பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. இறுதிப் போட்டி அணியை அந்த வார எதிரணியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், விசுவாசத்துக்குப் பரிசாக அல்ல. 44 புள்ளி வித்தியாசம் அந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது என்பார்கள். எனக்கு அது சரியான தர்க்கமாகப் படவில்லை. 44 புள்ளியில் வென்ற ஆட்டத்தை கிக்கெட்டை வைத்துக்கொண்டும் வென்றிருக்கலாம். அவரை நீக்கியதால் வென்றார்கள் என்பதற்கு அந்த ஸ்கோர் எந்த விதத்திலும் சாட்சி அல்ல.

கிக்கெட் அதற்குப் பிறகு எசெண்டனுக்காக ஆடவே இல்லை. சிட்னி அணிக்குப் போனார். 1996-ல் சிட்னியோடு இறுதிப் போட்டி வரை வந்தார், அங்கே தோற்றார். வென்ற அணி நார்த் மெல்போர்ன். அதன் பயிற்சியாளர், 1992-ல் எசெண்டன் பையன்களை வளர்த்த அதே டெனிஸ் பேகன்.

செப்டம்பர் 25

இறுதிப் போட்டியைப் பற்றிச் சொல்ல வியக்கும்படி கொஞ்சமே இருக்கிறது. 96,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். எசெண்டன் 20.13 (133), கார்ல்டன் 13.11 (89). எசெண்டன் ஆரம்பத்திலேயே முன்னே போய்விட்டது. டேவிட் பார்க்கின் பயிற்றுவித்த கார்ல்டன் துரத்திக்கொண்டே இருந்தது.

ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் டார்வினைச் சேர்ந்த மைக்கேல் லாங்குக்கு. 33 முறை பந்தைக் கையாண்டு 2 கோல் உதைத்தார். நடுக்களத்திலிருந்து பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடி, கார்ல்டன் ஆட்களைத் தாண்டிப் போய் அவர் உதைத்த கோலை ஒவ்வொரு செப்டம்பரிலும் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். ஆண்டின் சிறந்த வீரர் வாங்கனீன், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் லாங், இருவருமே பழங்குடியினர். அதே ஆண்டு ஏப்ரலில்தான் செயின்ட் கில்டாவின் நிக்கி வின்மார், காலிங்வுட் ரசிகர்களின் இனவெறி வசவுகளுக்குப் பதிலாகச் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டியிருந்தார். பெரிய மாற்றம் தொடங்கிய ஆண்டு அது. அதே கோப்பை அணியிலிருந்து கிக்கெட் விடுபட்டதையும் இந்தப் பட்டியலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிளெட்சர் எதிர்கொண்டது கார்ல்டன் கேப்டன் ஸ்டீபன் கெர்னஹானை. கெர்னஹான் 7 கோல் உதைத்தார். 'பையன் பெரிய ஆளை அடக்கினான்' என்ற கதை இங்கே பொருந்தாது. ஷீடி அந்த ஏழு கோலையும் விலையாகக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். மறுமுனையில் அதைவிட அதிகம் அடித்துவிடலாம் என்ற கணிப்பு அவருக்கு இருந்தது. பையனுக்கு ஏழு கோல் போனாலும் அணி 44 புள்ளியில் வெல்கிறது. அந்த மாதிரியான தோல்வியை ஒருவன் 18 வயதில் தாங்கிக்கொண்டு, கழுத்தில் கோப்பைப் பதக்கத்தோடு வீடு போவது அவன் வாழ்நாளுக்கு உதவும்.

பிறகு

1993 கோப்பை எசெண்டனுக்கு 15-வது. அன்றைய தேதிக்கு கார்ல்டனின் சாதனைக்குச் சமம். அடுத்த ஆண்டு பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. இளம் அணிகள் ஒருமுறை வென்றுவிட்டால் தொடர்ந்து வெல்லும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். 1996-ல் இன்னொரு செய்தியும் வந்தது: தொண்ணூறுகளின் முதல் பாதியில் வீரர் சம்பள உச்சவரம்பை மீறியதற்காக லீக் எசெண்டனுக்கு 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. 'வீட்டில் வளர்த்த பையன்கள்' என்ற கதையைச் சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அதே 1996 பிரிலிமினரி ஃபைனலில் சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். வாங்கனீன் அந்த ஆண்டோடு விலகி, 1997-ல் லீக்கில் புதிதாகச் சேர்ந்த போர்ட் அடிலெய்டு அணிக்குக் கேப்டனாகப் போனார். மற்றவர்கள் தங்கினார்கள். 2000-ம் ஆண்டில் எசெண்டன் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் தோற்று கோப்பை வென்றபோது ஹேர்ட் கேப்டன். நார்ம் ஸ்மித் பதக்கமும் அவருக்கே. மெர்குரி, மிசிட்டி, லாங், பிளெட்சர் எல்லோரும் அந்த அணியில் இருந்தார்கள். பயிற்சியாளரும் அதே ஷீடி. அவர் 2007 வரை அந்த வேலையில் இருந்தார். பிளெட்சர் 2015-ல், 40 வயதில், தன் 400-வது ஆட்டத்தை ஆடினார்.